இரண்டு ஷிபெட்சு: ஹொக்கைடோ பைக் பயணத்துக்கு ஜிபிஎஸ் அமைத்த கதை

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பத்து நாள் பைக் ஓட்டலாம் என்று நானும் நண்பனும் முடிவு செய்த பிறகு மற்ற ஏற்பாடுகள் எல்லாம் மளமளவென்று முடிந்தன. ஜப்பானிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் அந்தக் கவலை இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். வண்டிகளை வாடகைக்குப் பேசியாகிவிட்டது: எனக்கு 250 சிசி பைக், அவனுக்கு 125 சிசி ஸ்கூட்டர். வழிகாட்டிக் கருவி மட்டும் மூன்று வாரம் இழுத்தது. அந்த மூன்று வாரமும் தப்பான கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் என்பது பயணத்தின் ஐந்தாம் நாள்தான் உறைத்தது.

எது இடத்தைத் துல்லியமாகக் காட்டும் என்பதுதான் என் கேள்வி. இன்றைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஜப்பானில் இன்னும் வசதி. மிச்சிபிகி என்று அவர்களுக்கென்றே ஒரு செயற்கைக்கோள் கூட்டம் இருக்கிறது. முதலாவது 2010இல் போனது, 2018 நவம்பரில் நான்கு கோள்களோடு முறையான சேவை தொடங்கியது. அவற்றில் மூன்று சாய்ந்த நீள்வட்டப் பாதையில் சுற்றுவதால் எந்த நேரத்திலும் ஒன்றாவது ஜப்பானின் தலைக்கு மேலே நிற்கும். என் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனே அதைப் பிடித்தது. செயற்கைக்கோள் பட்டியலில் 193இலிருந்து தொடங்கும் எண்களாகத் தெரியும். நான் எங்கே நிற்கிறேன் என்பது நான்கைந்து மீட்டர் பிசகில் எப்போதும் தெரிந்தது. நான் போக வேண்டிய இடம் எது என்பதைக் கருவிக்குச் சொல்வதில்தான் எல்லாத் தகராறும். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பார்த்தது பைக்குக்கென்றே செய்த தனிக் கருவி. கார்மின் சூமோ எக்ஸ்டி போன்றவை: 5.5 அங்குலத் திரை, கையுறையோடு தொடலாம், மழையில் நனையலாம், வெயிலில் மங்காது. வன்பொருளாகப் பார்த்தால் இதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் கூடவே வரும் வரைபடம் வாங்கிய பகுதிக்குரியது. வேறு நாட்டுக்குப் போனால் அந்த நாட்டு வரைபடத்தைத் தனியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசப் பொதுத் தரவில் செய்த வரைபடத்தை நாமே ஏற்ற வேண்டும். பத்து நாளுக்கு அவ்வளவு பணம் போட மனம் வரவில்லை. அடிக்கடி நாடு மாறி ஓட்டுபவராக இருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது, வாடகைக் கடையிலேயே ஒரு கருவி தருவதாகச் சொன்னார்கள். படம் அனுப்பச் சொன்னேன். பட்டியல் முழுக்க ஜப்பானிய எழுத்து, மொழி மாற்றும் வசதி இல்லை. ஒரு விஷயம் மட்டும் கவனத்தை இழுத்தது: தேடல் பக்கத்தில் பெயருக்கு ஒரு பொத்தான் இருந்தால், பக்கத்திலேயே தொலைபேசி எண்ணுக்கு ஒரு பொத்தான், மாப்கோடு என்ற எண்ணுக்கு இன்னொன்று. அந்த நேரத்தில் அதை ஒரு விநோதமாகத்தான் பார்த்தேன். சொந்த ஊர்க்காரர்களே பெயரைத் தட்டாமல் எண்ணைத் தட்டுகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஃபோன். இதில் ஒரு பயம் இருந்தது. பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வு ஐஃபோன் கேமராவின் பட நிலைப்படுத்தும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. கேமராவுக்குள் லென்ஸ் மிதந்துகொண்டிருக்கிறது. அதை அசைத்து நிலைநிறுத்தும் நுட்பமான பாகங்கள் தொடர்ந்து குலுங்கினால் போய்விடும். ஆகவே நல்ல ஃபோனை ஹேண்டில்பாரில் மாட்டுவதில்லை என்று தீர்மானித்து, அலமாரியில் கிடந்த பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை எடுத்தேன். அதன் கேமராவில் அந்த அமைப்பே இல்லை, கெட்டுப்போக ஒன்றுமில்லை. சிம் போடாமல், ஜிபிஎஸ் வேலைக்கு மட்டும். நல்ல ஃபோன் சட்டைப்பைக்குள், இணையத்தோடு.

மாட்டும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஜப்பானியப் பைக்குகளில் பெரும்பாலும் ஹேண்டில்பார் 22.2 மில்லிமீட்டர் விட்டம், தடித்த பார் என்றால் நடுவில் 28.6. இரண்டுக்கும் பொருந்தும் கவ்வி மவுண்ட் ஒன்று வாங்கினேன். வாடகை வண்டியில் கீறல் விழக் கூடாது என்பதால் பழைய டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுற்றி, அதன் மேல் கவ்வியை இறுக்கினேன். டியூப் ரப்பர் அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மவுண்டுக்கும் ஃபோனுக்கும் இடையே ரப்பர் அதிர்வுதாங்கி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேல், கவ்வி கழன்றால் ஃபோன் சாலையில் போகாதபடி உறையின் ஓட்டையிலிருந்து பாருக்கு ஒரு நூல்கயிறு.

மின்சாரத்தில் முதல் முயற்சி சொதப்பியது. என் சொந்த வண்டியில் இருந்த யுஎஸ்பி முனையில் சொருகி இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். திரை முழு வெளிச்சம், ஜிபிஎஸ், ப்ளூடூத் மூன்றும் ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. அந்த முனை ஒரு ஆம்பியர்தான் தரும் போலிருக்கிறது. வாடகை வண்டியில் என்ன முனை இருக்குமோ, இருக்குமோ இருக்காதோ. அதை நம்பாமல் 10,000 எம்ஏஎச் பவர் பேங்கை டேங்க் பேக்கில் வைத்து அங்கிருந்து கேபிள் இழுத்தேன். அது 37 வாட்-மணிதான், விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக 100 வாட்-மணி வரை அனுமதி. கேபிள் இழுக்கும்போது ஒன்று: ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். நேராக வைத்து அளந்த கேபிள், வலப்பக்கம் முழுக்கத் திருப்பியதும் ஃபோனிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. முனை வளைந்த கேபிள் வாங்கியதும் சரியானது.

செயலியில் அதிக நேரம் செலவானது நியாயம்தான். நான் எடுத்தது ஓஸ்ம்அண்ட். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு, மொத்த ஹொக்கைடோவையும் ஃபோனுக்குள் இறக்கிக்கொள்ளலாம். ஆர்கானிக் மேப்ஸும் அதே தரவுதான், இன்னும் எளிது, வேகமும் அதிகம். ஆனால் எனக்கு வேண்டிய சில நுணுக்க அமைப்புகள் அதில் இல்லை. எந்தச் செயலியானாலும் புறப்படும் முன் விமானப் பயன்முறையில் போட்டுச் சோதியுங்கள். வரைபடம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தேடல் வேலை செய்கிறதா, வழி தவறினால் இணையம் இல்லாமல் புது வழி கணக்கிடுகிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

மொழிக்காக மாற்றியவை மூன்று. ஒன்று, வரைபடத்தில் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்திலும் உள்ளூர் எழுத்திலும் சேர்ந்து வரும்படி வைத்தேன். ஜப்பானில் நெடுஞ்சாலைப் பலகைகளில் ரோமன் எழுத்தும் இருக்கும். சிற்றூருக்குள் நுழைந்துவிட்டால் பலகைகள் கஞ்சிக்கு, அதாவது சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துக்கு, மாறிவிடும். அப்போது ஃபோன் திரையில் இருக்கும் உருவமும் பலகையில் இருக்கும் உருவமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது அந்த எழுத்து வேண்டும். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, கோலத்தை ஒப்பிடுகிற மாதிரிதான்.

இரண்டு, குரல் சாலைப் பெயர்களைச் சொல்வதை நிறுத்தினேன். ஆங்கிலக் குரலுக்குக் கஞ்சி தெரியாது. பெயர் வரும் இடத்தில் ஊமையாகிவிடும், அல்லது ஏதோ முனகும். திருப்பத்துக்கு முன்னால் அந்த முனகலைக் கேட்டுக் குழம்புவதைவிட "300 மீட்டரில் இடப்பக்கம்" என்பது போதும். நண்பன் கூகுள் மேப்ஸைத் தமிழ்க் குரலில் வைத்திருந்தான். அந்த அம்மாள் ஜப்பானியப் பெயர்களைச் சொன்ன அழகுக்காகவே சில இடங்களில் இரண்டாம் தடவை சுற்றலாம் போலிருந்தது.

மூன்று, சாலை எண் பெரிதாகத் தெரியும்படி வைத்தேன். ஜப்பானின் தேசியச் சாலைகளுக்கு நீல நிறத் தலைகீழ் முக்கோணம், முனைகள் மழுங்கியது. மாகாணச் சாலைகளுக்கு நீல அறுகோணம். உள்ளே இருக்கும் எண் எல்லா நாட்டு மனிதருக்கும் ஒன்றுதான்.

ஹெல்மெட் ஒலிபெருக்கியில் ஒரு சிறு எரிச்சல். பாட்டு இல்லாமல் அமைதியாக ஓட்டும்போது ப்ளூடூத் தூங்கிவிடுகிறது. குரல் வந்ததும் விழித்துக்கொள்ள ஒரு கணம் பிடிக்கிறது, அந்தக் கணத்தில் முதல் வார்த்தை போய்விடும். "…பக்கம் திரும்பவும்" என்று மட்டும் காதில் விழும். எந்தப் பக்கம்? ஓஸ்ம்அண்டில் குரலைத் தொலைபேசி அழைப்பு ஒலியாக அனுப்பவும், கொஞ்சம் தாமதித்துப் பேசவும் வழி இருக்கிறது. அதை மாற்றியதும் தீர்ந்தது. இது சின்ன விஷயமில்லை. ஜப்பானில் ஓட்டும்போது ஃபோனைக் கையில் பிடிப்பது மட்டுமல்ல, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே போவதும் குற்றம். 2019 டிசம்பரில் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். காதுதான் முதல் துணை, கண் இரண்டாவது.

வீட்டில் கணினியில் வழியை வரைந்து ஜிபிஎக்ஸ் கோப்பாக ஏற்றினேன். இதில் ரூட் என்று ஒன்று, ட்ராக் என்று ஒன்று. ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும். இடையில் எப்படிப் போவது என்பதைக் கருவி தன் விருப்பப்படி கணக்கிடும். கணினியில் ஒரு வரைபடம், ஃபோனில் வேறு வரைபடம் என்றால் இரண்டு வழியும் ஒன்றாக இருக்காது. ட்ராக் என்பது ரொட்டித்துணுக்கு போட்டுக்கொண்டே போன மாதிரி, ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட ஒரே கோடு. அது மாறாது. நான் ட்ராக்கைப் பின்னணியில் ஊதா நிறக் கோடாக வைத்துக்கொண்டு, அதன் மேல் அன்றன்றைய இலக்குக்கு வழி கேட்டுக்கொண்டேன். இலக்கை மட்டும் அன்றன்று காலையில் பெயர் தட்டித் தேடுவது என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை.

ஜூன் கடைசியில் நியூ சிட்டோசே விமான நிலையத்தில் இறங்கி, வண்டி எடுத்து, ஃபோனை மாட்டி ஆன் செய்தேன். இடம் பிடிக்கவில்லை. ஒரு நிமிடம், மூன்று நிமிடம். நண்பன் ஹெல்மெட்டோடு முறைத்துக்கொண்டிருந்தான். கோளாறு ஒன்றுமில்லை: சிம் இல்லாத ஃபோனுக்கு இணையம் வழியாகச் செயற்கைக்கோள் நிலவரம் கிடைக்காது, வானத்திலிருந்தே வாங்க வேண்டும். ஒவ்வொரு கோளும் தன் பாதைக் கணக்கை 30 விநாடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாக் கோள்களையும் பற்றிய பொதுப் பட்டியல் முழுதாக வர பன்னிரண்டரை நிமிடம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அணைத்து எடுத்துவந்த கருவிக்குத் தலைக்கு மேல் எது நிற்கிறது என்றே தெரியாது. நகராமல் திறந்தவெளியில் நிற்க வேண்டும். நாங்கள் கான்கிரீட் கூரைக்குக் கீழே நின்றிருந்தோம். வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் பிடித்துவிட்டது.

முதல் நாள் 12ஆம் தேசியச் சாலை. பிபாயிக்கும் தகிகாவாவுக்கும் நடுவே 29.2 கிலோமீட்டர் வளைவே இல்லாத நேர்கோடு, ஜப்பானிலேயே நீளமானது. ஜிபிஎஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லை, எனக்கும் இல்லை. வேலை வந்தது ஃபுககாவாவைத் தாண்டி. சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும்படி வைத்திருந்தேன், ஆனாலும் செயலி ஒரு விரைவுச்சாலையின் வாயிலுக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஃபுககாவாவிலிருந்து ருமோய் வரை போகும் அந்த விரைவுச்சாலைக்குக் கட்டணம் கிடையாது! கட்டணம் இல்லாததால் செயலி தவிர்க்கவில்லை. ஆனால் மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய சாலைகளில் 125 சிசியும் அதற்குக் கீழும் ஏறக் கூடாது. நான் போகலாம், நண்பன் போகக் கூடாது. வாயிலில் 125 என்ற எண்ணைப் பலகையில் பார்த்த அவன்தான் கையை ஆட்டி நிறுத்தினான். "டேய், நம்பர் போட்டிருக்கான் பாருடா." சுங்கம் தவிர் என்பதோடு விரைவுச்சாலை தவிர் என்பதையும் தனியாகத் தட்ட வேண்டும். தட்டியதும் 233ஆம் சாலையைக் காட்டியது, அதுவும் ருமோய்க்குத்தான் போகிறது, காட்சியும் நன்றாகத்தான் இருந்தது. அதே நேரத்தில் மண்சாலை தவிர் என்பதையும் தட்டிவைத்தேன். ஹொக்கைடோவில் காட்டு வழிகள் ஏராளம், கரடியும் உண்டு.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடுதிரைக்கு மழைத்துளியும் விரல்தான். 106ஆம் மாகாணச் சாலையில், இடப்பக்கம் கடல் தவிர வேறெதுவும் இல்லாத நீண்ட ஓட்டத்தில், துளிகள் வரைபடத்தை இழுத்து இழுத்துக் கடலுக்குள் கொண்டுபோய் விட்டன. அன்றிலிருந்து மழை வந்தால் திரையைத் தொட முடியாதபடி பூட்டிவிட்டு, பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒலியளவுப் பொத்தானைப் பயன்படுத்தினேன். நனைந்த முனையில் சார்ஜ் ஏற ஃபோன் மறுத்துவிடும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சாலை முடியும் ஊர் வக்கனாய். நம் காதுக்கு வக்கணையாகத்தான் ஒலிக்கிறது. ஹொக்கைடோவின் ஊர்ப்பெயர்களில் பெரும்பகுதி ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தவை. அம்மொழியில் 'நாய்' என்றால் ஓடை, 'பெட்' என்றால் ஆறு. ஆற்றங்கரையில்தானே ஊர் வரும், ஆகவே தீவு முழுக்க நாயும் பெட்சுவும்தான்: வக்கனாய், இவனாய், நொபொரிபெட்சு, மொம்பெட்சு, ஷிபெட்சு. ஒலியைப் பிடிக்கப் பின்னால் கஞ்சியை ஒட்டினார்கள். அதன் விளைவை நான் மொம்பெட்சுவில் அனுபவித்தேன்.

ஐந்தாம் நாள் காலை. ஒகோட்ஸ்க் கடலோரத்தில் இருக்கும் மொம்பெட்சுவிலிருந்து கிளம்பி, அன்றிரவு கிழக்குக் கடற்கரையில் ஷிபெட்சு என்ற சிற்றூரில் தங்க வேண்டும். முன்பதிவு மின்னஞ்சலில் ஆங்கிலத்தில் ஷிபெட்சு என்றிருந்தது. அதை அப்படியே தட்டினேன். முதலில் வந்ததைத் தொட்டேன். 120 கிலோமீட்டர் என்றது. நான் 200க்கு மேல் என்று நினைத்திருந்தேன், பரவாயில்லை, சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று சந்தோஷப்பட்டேன். ஊதாக் கோடு திரையில் ஒரு பக்கமாகப் போனது, நான் வேறு பக்கமாகப் போனேன். குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒகொப்பேயில் கடலை விட்டு உள்நாட்டுக்குத் திரும்பச் சொன்னது. நிஷி-ஒகொப்பேயில் பெட்ரோல் போட நின்றோம், அதற்குள் சுமார் 40 கிலோமீட்டர் வந்திருந்தோம். நண்பன் கேட்டான்: "காலையிலிருந்து கடல் வலப்பக்கம்தான இருந்துச்சு? கிழக்க போறதுன்னா இடப்பக்கம்ல இருக்கணும்?" எனக்குப் பதில் வரவில்லை.

பங்கில் இருந்த பெரியவரிடம் முன்பதிவுத் தாளைக் காட்டினேன். அவர் பெயரைப் பார்க்கவே இல்லை. நேராகத் தொலைபேசி எண்ணுக்குப் போய், முதல் நான்கு இலக்கத்தில் விரலை வைத்தார். 0153. தலையை ஆட்டினார். பிறகு நாங்கள் போகும் திசையைக் காட்டி, தாளின் ஓரத்தில் 0165 என்று எழுதினார். கிழக்கே கையை நீட்டி மறுபடி 0153. மொழியே தேவைப்படவில்லை.

ஹொக்கைடோவில் ஷிபெட்சு இரண்டு. ஒன்று அசாஹிகாவாவுக்கு வடக்கே, தீவின் நடுவில் இருக்கும் நகரம். மற்றது கிழக்குக் கரையில் இருக்கும் சிற்றூர். நேர்கோட்டிலேயே 200 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. கஞ்சியில் எழுதினால் இரண்டும் வேறு வேறு எழுத்து, யாரும் குழம்ப மாட்டார்கள். ரோமன் எழுத்துக்கு மாற்றிய கணத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நமக்கு உதவுவதற்காகச் செய்த ஒலிபெயர்ப்புதான் நம்மைக் கவிழ்க்கிறது. இன்னொரு கூத்து, நாங்கள் அன்று காலை கிளம்பிய மொம்பெட்சுவுக்கும் ஒரு ஜோடி உண்டு, தெற்கே ஹிடாகா பகுதியில். வாசிப்பில் ஒன்று, எழுத்தில் வேறு.

40 கிலோமீட்டர் திரும்பி, அப்புறம் அபஷிரி, ஷாரி. மாலையில் 244ஆம் சாலையில் கொன்பொகு கணவாய் ஏறும்போது பனிமூட்டம். திரையில் கோடு இருந்தது, சாலைதான் தெரியவில்லை. அங்கே எனக்கு உதவியது சாலையோரக் கம்பங்களில் தொங்கும் சிவப்பு வெள்ளை அம்புக்குறிகள். குளிர்காலப் பனிப்புயலில் சாலையின் விளிம்பு இதுதான் என்று கீழ்நோக்கிக் காட்டுவதற்காக வைத்தவை, மூட்டத்துக்கும் பயன்பட்டன. அம்புக்கு அம்பு எண்ணிக்கொண்டே இறங்கினோம். இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

அன்றிரவு விடுதி அறையில் உட்கார்ந்து மிச்சம் இருந்த எல்லா இலக்குகளையும் மறுபடி செய்தேன். இதை வீட்டிலேயே செய்திருக்க வேண்டும். முறை இதுதான். விடுதியின் தொலைபேசி எண்ணை நல்ல ஃபோனில் கூகுள் மேப்ஸில் தட்டினால் பெரும்பாலும் நேராக இடத்துக்குப் போய் நிற்கிறது. அங்கே தெரியும் கஞ்சியை முன்பதிவிலுள்ள கஞ்சியோடு ஒப்பிட்டேன். பிறகு அந்தப் புள்ளியில் விரலை வைத்து அழுத்தி, வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பழைய ஃபோனில் ஓஸ்ம்அண்டில் போட்டுப் பிடித்த இடமாகச் சேமித்தேன். பெயரை நான் தமிழில் வைத்துக்கொண்டேன்: "6 ராத்திரி", "7 பெட்ரோல்", "ஷிபெட்சு கடல்". வரைபடத்தின் நடுவில் தமிழ் எழுத்து தெரிவதில் ஒரு தனி நிம்மதி. காலையில் தேடல் கிடையாது, பட்டியலில் ஒரு தொடுதல்தான்.

எண்களிலும் குழி உண்டு. ஹொக்கைடோ நிலப்பரப்பின் வடகோடியான சோயா முனை 45 பாகை 31 கலை 22 விகலை. சில கையேடுகளில் இப்படித்தான் அச்சாகியிருக்கும். இதை 45.3122 என்று தட்டினால் 23 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பீர்கள். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துக் கூட்டினால் வரும் 45.5228தான் சரி. செயலியில் எந்த வடிவம் தேர்ந்திருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழியில் நானே விழுந்தேன். விடுதியில் கிடந்த ஒரு பழைய கையேட்டிலிருந்து வெந்நீர் ஊற்று ஒன்றின் எண்களை எடுத்துப் போட்டேன். வயல் நடுவில் கொண்டுபோய் விட்டது, ஊற்று வடமேற்கே தள்ளி இருந்தது. 2002 ஏப்ரல் வரை ஜப்பான் அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கிடும் தன் பழைய அளவீட்டு அடிப்படையைத்தான் சட்டப்படி வைத்திருந்தது. அதன் எண்களை இன்றைய ஜிபிஎஸ்ஸில் அப்படியே போட்டால் தென்கிழக்கே சுமார் 400 மீட்டர் தள்ளிப் போகும். எப்போதும் அதே திசையில், அதே அளவில் பிசகினால் புத்தகத்தின் அச்சு வருடத்தைப் பாருங்கள்.

முகவரியைத் தட்டித் தேடுவதை முழுதாக விட்டுவிட்டேன். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை. வட்டாரம், அதற்குள் தொகுதி, அதற்குள் கட்டட எண். கட்டட எண்களும் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருக்காது. சப்போரோ நகரம் இதற்கு விதிவிலக்கு. அங்கே வடக்கு இத்தனை, மேற்கு இத்தனை என்று சதுரங்கப் பலகை போல எண்ணியிருப்பதால் முகவரியே வழியைச் சொல்லிவிடும்.

அந்த வாடகைக் கருவியில் பார்த்த மாப்கோடு விஷயத்துக்கு வருகிறேன். டென்சோ நிறுவனம் உருவாக்கியது. நாட்டையே கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். அடிப்படைக் கட்டம் சுமார் 30 மீட்டர் சதுரம், நட்சத்திரக் குறிக்குப் பின் இன்னும் இலக்கம் சேர்த்தால் 3 மீட்டர் வரை குறுகும். ஹொக்கைடோவில் சுற்றுலாக் கையேடு, விடுதி அட்டை, சாலையோர நிலையப் பலகை என்று பல இடங்களில் அச்சாகியிருக்கிறது. ஓஸ்ம்அண்டில் அதை நேராகத் தட்ட முடியாது, இணையத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் வழி கேட்க நிற்கும்போது எதிரில் இருப்பவரிடம் கொடுக்க அதைவிட நல்ல துண்டுச்சீட்டு இல்லை. அவர் தன் காரில் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவார். ஜப்பானுக்கு வெளியே அதே வேலைக்குக் கூகுள் மேப்ஸ் காட்டும் பிளஸ் கோடு என்ற இடக்குறியீடு உதவும். முழுக் குறியீடாக எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரோடு வரும் சுருக்க வடிவத்தை எழுதினால் மறுபடி பெயரில் போய் மாட்டுவோம்.

இடை நிறுத்தங்களுக்கு மிச்சி-நோ-எகி எனப்படும் சாலையோர நிலையங்களை வைத்துக்கொண்டேன். 1993இல் தொடங்கிய ஏற்பாடு, இப்போது நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல், ஹொக்கைடோவில் மட்டும் நூற்றுக்கு மேல். கழிப்பறை, நிறுத்துமிடம், வரைபடம் எல்லாம் உண்டு, எண்ணைத் தட்டினால் பிசகாமல் கிடைக்கும். பெட்ரோல் பங்குகளையும் அப்படியே குறித்தேன். சிற்றூர்களில் மாலையிலேயே மூடிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை திறக்காத பங்கும் உண்டு.

மீதி ஐந்து நாளில் அந்த வெந்நீர் ஊற்றைத் தவிர வேறெங்கும் வழி தவறவில்லை. 1,139 மீட்டர் உயரத்தில் இருக்கும் மிகுனி கணவாயில் இணையம் போய்விட்டது, பழைய ஃபோனுக்கு அது தெரியவே இல்லை. நண்பனின் கூகுள் அம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் மௌனமானாள்.

மவுண்ட் அப்படியே இருக்கிறது. டியூப் பட்டை ஒரு பக்கம் நைந்துவிட்டது, மாற்ற வேண்டும். சார்ஜ் முனைக்குத் தண்ணீர் புகாத மூடியோடு ஒரு கேபிள் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை கிடைத்ததெல்லாம் உறையில் இடிக்கிறது. அடுத்து ஜார்ஜியா போகலாம் என்று பேச்சு. அங்கே எழுத்து வேறு, வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ட்ராக் இன்னும் வரையவில்லை. தங்கும் இடங்களின் எண்களை மட்டும் சேமித்தாகிவிட்டது, தமிழ்ப் பெயர்களோடு.